லேயாளின் ரத்தம்

திருப்பதி,
9-7-1974

அன்புள்ள நைனாவுக்கும் அம்மாவுக்கும் தபீதாள் ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது. கர்த்தர் கிருபையால் நான் சுகம். நீங்கள் இருவரும் சுகமா? நம் ஆடு லேயாள் சுகமா?

ஆட்டையும் சேர்த்து விசாரிக்கிறேன் என்று அம்மா சிரிக்க வேண்டாம். என் ஆராய்ச்சியே இப்போது அதன் கழுத்து நரம்பில்தான் ஓடுகிறது. கல்லூரி மந்தையில் அம்மை கண்டு ஆடுகளை எல்லாம் ஒதுக்கிவிட்டார்கள். டிசம்பர் வரை ரத்தத்துக்கு எங்கே போவாய் என்று கோவர்த்தனன் சார் கேட்டார். என் நைனா சித்தூர் மாட்டாஸ்பத்திரியில் கம்பவுண்டர், வீட்டு ஆட்டிலிருந்து எடுத்து அனுப்புவார் என்று நான் பெருமையாகச் சொல்லிவிட்டேன். செவ்வாய்தோறும் முதல் பஸ்ஸில் கண்டக்டர் ரத்தப் பாட்டில் வைத்த ஃபிளாஸ்க்கைக் கொண்டுவந்து கொடுத்துவிடுகிறார்.

இந்த ரத்தத்தை வைத்து என்ன செய்கிறாய் என்று அம்மா கேட்டிருந்தாள். மாடுகள் சினையைத் தள்ளிவிடும் நோய் இருக்கிறதல்லவா, அது எந்த மாட்டுக்கு இருக்கிறது என்று கண்டுபிடிக்கிற சோதனை இது. மாட்டின் சீரத்தை, அதாவது ரத்தத்தின் தெளிந்த நீரை, இன்னும் இரண்டு மூன்று பொருளோடு சேர்த்து, கடைசியில் ஆட்டின் சிவப்பணுக்களை விடுவோம். நோய் கண்ட மாடு என்றால் அணுக்கள் உடையாமல் டியூபின் அடியில் பொட்டாக உட்காரும். நோயில்லாத மாடு என்றால் அணுக்கள் உடைந்து டியூப் முழுக்கச் சிவக்கும். கூடவே ஒரு டியூபில் வெறும் உப்பு நீரும் அணுக்களும் மட்டும் வைப்போம். அதில் அணுக்கள் உடையவே கூடாது. உடைந்தால் அன்றைய சோதனை மொத்தமும் குப்பை.

இதுவரை ஒரு நாளும் உடையவில்லை. இவ்வளவு சுத்தமான ரத்தத்தைத் தான் பார்த்ததில்லை என்று சாரே சொன்னார்.

உங்கள் ஜெபத்தில் என்னை நினைத்துக்கொள்ளும் மகள்,
தபீதாள்


சித்தூர்,
14-7-1974

பிரியமுள்ள மகள் தபீதாளுக்கு நைனா இயேசுதாசன் எழுதுவது. தேவ கிருபையால் நாங்கள் சுகம். உன் சுகத்துக்கு எழுது.

உன் சார் புகழ்ந்ததை அம்மாவிடம் இரண்டு தரம் வாசித்துக் காட்டினேன். இரண்டாவது தரம் அவள் எழுந்து அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். முப்பத்தொரு வருஷமாக மாட்டுக்கும் ஆட்டுக்கும் ஊசி பிடித்த கை இது. ஒரே குத்து, நரம்பு தப்பியதில்லை. லேயாளுக்குக்கூடத் தெரியாது, நான் எடுத்து முடித்தபின்தான் திரும்பிப் பார்க்கும்.

வரும் மார்ச்சில் எனக்கு ரிட்டயர்மெண்ட். கடைசி வருஷத்தில் மகள் படிப்புக்கு இந்தக் கை உதவுகிறது என்பதில் எனக்கு இருக்கிற சந்தோஷத்தை உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்?

நேரத்துக்குச் சாப்பிடு. கர்த்தர் உன்னோடிருப்பாராக.

நைனா


சித்தூர்,
25-8-1974

பிரியமுள்ள தபீதாளுக்கு நைனா. நாங்கள் சுகம். நீ சுகமா?

என் கண்ணாடி உடைந்துவிட்டது. நான் சொல்லச் சொல்ல அம்மா எழுதுகிறாள். போன செவ்வாய் பாட்டில் வராமல் நீ தவித்திருப்பாய். வேலை அதிகம், எடுக்க முடியவில்லை. இந்தச் செவ்வாய் தவறாமல் வரும்.

ஆஸ்பத்திரிக்குப் புதிதாக ஒரு கம்பவுண்டர் வந்திருக்கிறான். பழகட்டும் என்று ஊசி வேலையை அவனிடம் விட்டிருக்கிறேன். வேறு விசேஷம் இல்லை.

நைனா

தபீதா, இதை அவர் வெளியே போனபின் நான் எழுதுகிறேன். நைனாவுக்கு இப்போதெல்லாம் காப்பி அரை டம்ளர்தான் ஊற்றுகிறேன். யாராவது வீட்டுக்கு வந்தால் அவர்களோடு உட்கார்ந்து குடிப்பதில்லை, அடுப்பங்கரைக்கு வந்து குடித்துவிட்டுப் போகிறார். நீ ஒரு தரம் வந்து போனால் நன்றாயிருக்கும். அம்மா மேரி.


திருப்பதி,
5-9-1974

அன்புள்ள நைனா, அம்மாவுக்கு ஸ்தோத்திரம். நான் சுகம். நீங்கள் சுகமாயிருக்க ஜெபிக்கிறேன்.

நைனா காப்பியைக் குறைத்தது நல்லதுதான் அம்மா, வயதுக்கு அது போதும். இப்போது வர முடியாது. இங்கே என் தலையில் இடி விழுந்திருக்கிறது.

போன வாரமும் இந்த வாரமும் அந்த வெறும் உப்பு நீர் டியூப் சிவந்துவிட்டது. மாட்டுச் சீரம் இல்லை, எதுவும் இல்லை, அணுக்கள் தானாக உடைகின்றன. இதில் வேடிக்கை என்னவென்றால், பாட்டிலில் வரும்போது ரத்தம் நன்றாகவே இருக்கிறது. மேலே நிற்கும் நீர் தெளிவாக இருக்கிறது, ஒரு அணு உடைந்த அடையாளம் இல்லை. அதை நம் உப்பு நீரில் கழுவியதும்தான் உடைகிறது. அப்படியென்றால் கோளாறு உப்பு நீரில்தானே? புதிதாக வந்த உப்பு டப்பாவில் ஏதோ கலப்படம் என்று எனக்குத் தோன்றுகிறது. சாரும் அப்படித்தான் நினைக்கிறார். வேறு கம்பெனி உப்புக்கு எழுதியிருக்கிறோம்.

இன்னும் இருநூறு மாடுகளின் சீரம் ஐஸ் பெட்டியில் காத்திருக்கிறது. கண்ணாடியைச் சீக்கிரம் மாற்றுங்கள். பாட்டில் மேல் உங்கள் கையெழுத்து இல்லாமல் என்னவோ போல் இருக்கிறது.

தபீதாள்


சித்தூர்,
15-9-1974

பிரியமுள்ள தபீதாளுக்கு நைனா. நாங்கள் சுகம். உன் சுகத்தைப் பற்றித்தான் கவலை.

உன் கடிதத்தை அம்மா வாசித்தாள். உப்பில் கலப்படம் என்றால் உப்பை மாற்றினால் சரியாகிவிடும். சரியாகாவிட்டால் வேறு ஆட்டு ரத்தம் வாங்கிப் பார்த்தால் என்ன? அங்கே சந்திரகிரிப் பக்கம் ஆடு மேய்க்கிறவர்கள் நிறைய இருப்பார்கள். நீயே டாக்டர், நீயே எடுக்கலாம். லேயாளின் ரத்தம்தான் வேண்டும் என்று ஏன் பிடிவாதம்? பஸ்ஸில் வருகிற பொருள், எப்படி வந்து சேருகிறதோ.

நான் சொன்னதை யோசித்துப் பார்.

நைனா

லேயாள் நன்றாகத் தின்கிறது. கழுத்துக் காயம் சுத்தமாக ஆறிவிட்டது, மயிரும் முளைத்துவிட்டது. அம்மா.


திருப்பதி,
28-9-1974

அன்புள்ள நைனா, அம்மாவுக்கு ஸ்தோத்திரம். நான் சுகம் என்று எழுதுவது வழக்கத்துக்குத்தான். நீங்களாவது சுகமாயிருங்கள்.

புது உப்பு வந்தது. டியூப் சிவந்தது. காய்ச்சி வடித்த தண்ணீரை வேறு காலேஜிலிருந்து வாங்கி வந்தேன். அப்போதும் சிவந்தது. ஒவ்வொன்றாக மாற்றி மாற்றிக் கடைசியில் மிச்சம் நின்றது கண்ணாடி டியூப்தான். அதைக் கழுவுகிறவர் துலுக்காணம், புத்தலப்பட்டுக்காரர், பதினோரு வருஷமாக இங்கே தினக்கூலி. சோடாப் பொடி போட்டுக் கழுவி ஏழு தண்ணீரில் அலச வேண்டும். ஒரு துளி சோடா ஒட்டியிருந்தாலும் அணு உடையும். வியாழக்கிழமை எனக்குப் பொறுக்கவில்லை. வராந்தாவில் மாணவர்கள் எல்லாரும் நிற்கும்போது, "ஏழு தரம் அலசறீங்களா, இல்ல ரெண்டு தரம் முக்கி எடுத்துட்டு பீடி குடிக்கப் போறீங்களா?" என்று கேட்டுவிட்டேன். அவர், "ஏழு தரம்தான் டாக்டரம்மா, எண்ணிக்கினுதான் அலசறேன்" என்றார். சார், இந்த மாதம் இப்படியே போனால் ஆளை மாற்றிவிடலாம் என்கிறார்.

வேறு ஆட்டு ரத்தம் என்றீர்கள். உங்கள் அடக்கம் எனக்குத் தெரியாதா? சாரும் கேட்டார், "ரத்தத்தைச் சோதித்தாயா?" என்று. "ரத்தம் என் நைனா எடுத்தது சார்" என்றேன். அதற்குமேல் அவர் கேட்கவில்லை. எல்லாவற்றையும் சந்தேகப்படுவேன் நைனா, அதை மட்டும் மாட்டேன்.

தபீதாள்


திருப்பதி,
14-10-1974

அன்புள்ள நைனா, அம்மாவுக்கு ஸ்தோத்திரம். சுகமா?

இரண்டு ஞாயிறு போய்விட்டது, உங்களிடமிருந்து கடிதம் இல்லை. பாட்டில் மட்டும் வருகிறது. போன கடிதத்தில் நான் ஏதாவது தப்பாக எழுதிவிட்டேனா?

சனிக்கிழமையோடு துலுக்காணத்தை நிறுத்திவிட்டார்கள். போகும்போது டியூப் ஸ்டாண்டுகளை எல்லாம் துடைத்து வரிசையாக அடுக்கிவிட்டுப் போனார். இரண்டு பெண் பிள்ளைகள் அவருக்கு. மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது, ஆனால் நான் என்ன செய்வேன்? நாளை பாட்டில் வந்ததும் டியூப்களை நானே கழுவி நானே அலசி வைத்துப் பார்க்கப் போகிறேன்.

உடனே பதில் எழுதுங்கள்.

தபீதாள்


சித்தூர்,
20-10-1974

தபீதா,

இதை நானே எழுதுகிறேன். எழுத்து கோணலும் மாணலுமாக இருக்கும், நிதானமாக வாசி. என் கண்ணாடி உடையவில்லை. அது பொய்.

எனக்குக் கை நடுங்குகிறது. ஆகஸ்டு இருபதாம் தேதி லேயாளைக் கட்டி, மயிர் கத்தரித்து, ஊசியை வைத்தேன். நரம்பு கிடைக்கவில்லை. மூன்று தரம் குத்தினேன். மூன்றாவது தரம் கழுத்தைக் கிழித்துவிட்டேன், அது கத்தியது. அம்மா வந்து கயிற்றை அவிழ்த்துவிட்டாள். நாங்கள் இருவரும் அதைப் பற்றிப் பேசவே இல்லை.

உனக்கு எழுதியிருக்கலாம். புதுப் பையனை விட்டு எடுக்கச் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் சித்தூர் முழுக்கத் தெரிந்திருக்கும், உனக்கும் தெரிந்திருக்கும். உன் சார் புகழ்ந்த கை இது. எனக்கு வெட்கமாக இருந்தது, அவ்வளவுதான் காரணம். அடுத்த செவ்வாயிலிருந்து ஏகாம்பரம் கறிக்கடையில் உன் பாட்டிலைக் கொடுத்து, அறுக்கும்போது பிடித்து வாங்கினேன். ஆட்டு ரத்தம் ஆட்டு ரத்தம்தானே என்று என்னையே ஏமாற்றிக்கொண்டேன். லேயாள் என்று அம்மாவைச் சீட்டு எழுதவைத்தேன்.

துலுக்காணத்தை நீ திட்டினாய் என்று வாசித்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆனாலும் வாய் வரவில்லை. அவரை நிறுத்திவிட்டதாக நீ எழுதிய கடிதம் புதனன்று வந்தது. அன்றைக்கே கடைக்குப் போய் ஏகாம்பரத்தின் சம்சாரம் செங்கம்மாவிடம், "ரத்தத்த எப்படிம்மா புடிக்கிற?" என்று கேட்டேன்.

"எப்பவும் போலத்தான் கம்பவுண்டரய்யா. குண்டான்ல ஒரு கை கல்லுப்பு போட்டு, அது மேல புடிக்கிறது. உப்பு இல்லாங்காட்டி ஒறைஞ்சி பூடாதா? நீங்க தொலவா பஸ்ல அனுப்புறேன்னீங்களேன்னு, கெட்டுப்பூடக் கூடாதுன்னு இன்னொரு கை சேத்துப் போட்டேன். அப்பால உங்க பாட்டில்ல ஊத்தினேன். துன்றதுக்குத்தானே வாங்கிக்கினு போறீங்க?"

இந்த ஊரில் ரத்தம் வாங்குகிறவர்கள் வேறு எதற்கு வாங்குவார்கள்? அவள்மேல் தப்பில்லை. நான் கேட்கவும் இல்லை, சொல்லவும் இல்லை, கடைக்கு வெளியே யாரும் பார்க்காதபடி நின்றுகொண்டிருந்தேன்.

இன்று ஆலயத்தில் இராப்போஜனம். அப்பமும் ரசமும் வாங்க எல்லாரும் எழுந்து போனார்கள். நான் பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டேன். அந்த மனுஷனுடைய சோறு என்னால் போயிருக்கிறது. அதைத் திருப்பி வாங்கிக் கொடுக்க உன்னால்தான் முடியும். கொடு.

உன் நைனா


திருப்பதி,
23-10-1974

அன்புள்ள நைனாவுக்கு ஸ்தோத்திரம்.

உப்பு! இரண்டு கை கல்லுப்பு! நேற்று மாலை உங்கள் கடிதத்தை வாசித்ததும் இன்று விடியற்காலையில் சந்திரகிரிக்கு ஓடினேன். ஒரு ஆட்டுக் கிடையில் நானே ரத்தம் எடுத்து வந்து, பாதியில் உப்பைக் கரைத்தேன், பாதியை அப்படியே வைத்தேன். அப்படியே வைத்தது உப்பு நீரில் ஒரு அணுவும் உடையாமல் பொட்டாக உட்கார்ந்தது. உப்புக் கரைத்தது நம் டியூபில் சிவப்போ சிவப்பு! உப்பு மிகுந்த ரத்தத்தில் அணுக்கள் சுருங்கிப்போய்க் கிடக்கும், அதனால்தான் பாட்டிலில் பார்க்கத் தெளிவாக இருந்தது. அதைச் சாதாரண உப்பு நீரில் விட்டதும் தண்ணீரைக் குடித்து உப்பி வெடித்துவிடுகிறது. எவ்வளவு எளிய விஷயம்! போன வாரம் நானே கழுவிய டியூபும் சிவந்தபோதாவது எனக்குப் புரிந்திருக்க வேண்டும். இரண்டு மாதம் கம்பெனிக் கம்பெனியாக உப்பை மாற்றிக்கொண்டிருந்தேனே, முட்டாள் நான்.

இவற்றுக்கு உடனே பதில் வேண்டும். குண்டானில் எத்தனை படி ரத்தம் இருக்கும்? செங்கம்மாவின் ஒரு கை என்பது எத்தனை பலம்? ஆகஸ்டு 13-ஆம் தேதி பாட்டில் நிச்சயமாக லேயாளுடையதுதானே? அதுவரை உள்ள முடிவுகள் செல்லும், மற்றதை எல்லாம் நோட்டில் அடித்துவிட்டேன்.

சாரிடம் உங்கள் பெயரைச் சொல்லப் போவதில்லை. பஸ் சூட்டில் ரத்தம் கெட்டுவிட்டது என்று சொல்லித் துலுக்காணத்தைத் திரும்பக் கூப்பிடச் சொல்கிறேன். காரியமும் நடக்கும், உங்களுக்கும் ஒன்றும் வராது.

அவசரத்தில்,
தபீதாள்


சித்தூர்,
27-10-1974

பிரியமுள்ள தபீதாளுக்கு நைனா. நாங்கள் சுகம்.

குண்டானில் முக்கால் படி. ஒரு கை உப்பை நிறுத்துப் பார்த்தேன், ஒன்றரைப் பலம். ஆகஸ்டு 13 லேயாள்தான்.

பஸ்மேல் பழி போட்டால் நாளைக்கு அந்தக் கண்டக்டரை யாராவது வராந்தாவில் நிற்கவைத்துக் கேள்வி கேட்பார்கள். ஒரு ஆள் போதாதா நமக்கு? என் பெயரைச் சொல். நானும் வெள்ளிக்கிழமை எங்கள் டாக்டரிடம் சொல்லிவிட்டேன். மார்ச் வரை மருந்து கொடுக்கிற ஜன்னலில் உட்காரச் சொல்லியிருக்கிறார். நான் பயந்த அளவுக்கு ஒன்றும் நடக்கவில்லை.

நைனா


திருப்பதி,
4-11-1974

நைனா,

நீங்கள் சொன்னபடியே சாரிடம் சொன்னேன். அவர், ஆளைக் கூட்டிவா என்றார். நேற்று ஆராதனை முடிந்து புத்தலப்பட்டுக்குப் போனேன். துலுக்காணம் யாரோ ஒருவருடைய கொல்லையில் கூலிக்கு வேர்க்கடலை பிடுங்கிக்கொண்டிருந்தார். மண் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். நான் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு, "நாலு பேர் எதுர்ல சொன்னீங்க டாக்டரம்மா. நாலு பேர் எதுர்லயே எடுத்துடுங்க. அப்பால வர்றேன்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை.

இன்று காலை வராந்தாவில் அவர் வந்து நின்றார். மாணவர்கள் வகுப்புக்குப் போகிற நேரம். வாய்வரைக்கும் பஸ் என்றுதான் வந்தது, சத்தியமாகச் சொல்கிறேன். அப்புறம் சத்தமாகவே சொன்னேன்: "டியூப் சுத்தமாத்தான் இருந்திச்சி. இவர் ஏழு தரம் அலசினது நிஜம். ரத்தத்துலதான் கோளாறு. ரத்தம் அனுப்பினது எங்க நைனா. அவருக்குக் கை நடுங்கறதால கறிக்கடையில வாங்கி அனுப்பினார். அதுல உப்பு இருந்திச்சி. விசாரிக்காம இவரைப் பேசினது நான்." பையன்கள் என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார்கள். அவர் தலையை மட்டும் ஆட்டிவிட்டு உள்ளே போய்த் துண்டைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

நான் என் மேஜைக்குப் போய் உட்கார்ந்தேன். முடிந்தது என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் கழித்து அவர் கழுவிய ஸ்டாண்டைக் கொண்டுவந்து வைத்தார். போகாமல் நின்றார்.

"நைனாவுக்கு எந்தக் கைம்மா நடுங்குது? சோறு துன்ன முடியுதா?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியாது என்றேன். அதைச் சொல்லும்போதுதான் உறைத்தது. உங்கள் கடிதம் கையில் கிடைத்ததும் உப்பைக் கேட்டேன், குண்டானைக் கேட்டேன், தேதியைக் கேட்டேன். உங்களை உப்பு நிறுக்கவும் வைத்தேன். வேலை போன மனுஷன் வந்த முதல் நாளிலேயே கேட்டதை நான் பன்னிரண்டு நாளாகக் கேட்கவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது நைனா. அவர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

எந்தக் கை? எப்போதிலிருந்து? சும்மா இருக்கும்போது நடுங்குகிறதா, ஏதாவது எடுக்கப் போகும்போதா? சட்டைப் பொத்தானை யார் போட்டுவிடுகிறார்கள்? பதில் எழுத வேண்டாம், எழுத உங்களுக்குக் கஷ்டம். சாரிடம் லீவு கேட்டுவிட்டேன். புதன்கிழமை முதல் பஸ்ஸில் வருகிறேன். என்னிடம் காட்டுங்கள்.

தபீதாள்